வீட்டுக்கு ஒருவர்

முகத்துவாரக்குப்பம், 1946

என் வீட்டுக்காரருக்கு,

கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதை வேறொருவரைக் கொண்டு எழுதவைக்க முடியாது.

மேலே அணை கட்டியதிலிருந்து ஆற்றில் வெள்ளமில்லை. மணலை அடித்துப்போகத் தண்ணீர் வராமல் முகத்துவாரம் மூடிவிட்டது. படகுகள் கடலுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. வீட்டுக்கு ஒருவர் மணல் வெட்ட வேண்டும் என்றார்கள். நம் வீட்டுக்கு நான் போனேன்.

"ஒம் புருசன் எங்கம்மே கீறான்?" என்று கேட்டார் குப்பத்துத் தலைவர் நாட்டார். மில் வேலையில் என்று சொல்லிவிட்டேன்.

வெட்டிய இடம் மறுநாளே மூடிக்கொண்டது. அணைக் கதவைத் திறக்கச் சொல்லித் திங்கட்கிழமை எல்லோரும் அங்கே வருகிறார்கள். அந்தக் கதவை இறக்குவது நீங்கள்தான் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

அன்று லீவு போட்டுவிடுங்கள். இதற்கும் வீட்டுக்கு ஒருவராம். நம் வீட்டுக்கு நான்தான் வருகிறேன்.

உங்கள் பிள்ளைகளின் தாய்