கணக்கில் இல்லாத கன்று

ஸ்தாரே ப்ரோடி,
1992 மார்ச்

என் கண்ணு மிர்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் அப்பாவுக்கு மூட்டுவலி இருக்கிறது, எனக்கு உன் அப்பா இருக்கிறார், மற்றபடி குறையொன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தச் சிகாகோ குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். காபித்தூள் வந்து சேர்ந்தது. பாதியைப் பக்கத்து வீட்டு செவெரினா முகர்ந்தே தீர்த்துவிட்டாள்.

இங்கே கடையில் இப்போது எல்லாம் கிடைக்கிறது. முன்பு இறைச்சிக்கு இருட்டோடு போய் வரிசையில் நிற்போமே, இப்போது வரிசையே இல்லை, வாங்குவதற்கு யாரிடமும் காசில்லை. வாழைப்பழம் தொங்குகிறது, ஊரே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. ரொட்டிக்குக் கடைக்குள் நுழையும்போது ஒரு விலை, வெளியே வரும்போது ஒரு விலை. கம்யூனிஸ்ட் ஆட்சி போனால் இப்படியெல்லாம் ஆகும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

பெரிய செய்தி, அரசுப் பண்ணையை மூடிவிட்டார்கள். டிராக்டர்கள் போயின, பன்றிகள் போயின. கல்யாணமான நாளிலிருந்து மாட்டுக் கொட்டிலே கதியென்று கிடந்த உன் அப்பா, வேலை போன மறுநாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சவரம் கிடையாது, வைத்த சூப் ஆறிக் கிடக்கும், கேட்டால் "எந்திரிச்சு என்ன பண்ணப் போறேன் லுட்விகா?" என்பார். எங்களை அங்கேயே வந்துவிடச் சொல்லி நீ எழுதியிருந்தாயே, அதற்கு அவர் "சரி, வித்துட்டுப் போயிருவோம்" என்றார் பார், அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கே வர மறுக்கிற மனுஷன்.

மிச்சமிருந்த மாடுகளை லாரியில் ஏற்றிக் கறிக்கு அனுப்ப நாள் குறித்தார்கள். அன்று காலை கண் விழித்தால் படுக்கையில் ஆளில்லை. செவெரினாவை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினேன். அங்கே இல்லை. பண்ணைக்கு வந்தால், நிறைசினையாக இருந்த மாலினாவையும் காணோம், அந்த ஒற்றைக் கொம்புச் சிவப்புப் பசு. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர் ஏரியில் விழமாட்டார்.

பண்ணையைக் கலைக்க நகரத்திலிருந்து வந்த அதிகாரி ரோமானா அம்மா குதிகால் செருப்போடு சேற்றில் நின்று, ஒரு மாடு குறைகிறதே, எங்கே என்றார். ஊரே வானத்தைப் பார்த்தது. "ஜெர்மனிக்குப் போயிருக்கும் மேடம், இப்ப எல்லாரும் அங்கதான போறாங்க" என்றாள் செவெரினா. அந்த நேரம் பார்த்து மாதா கோயில் பக்கமிருந்து ஒரு கதறல்.

சாமியார் வீட்டு விறகுக் கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு டொபியாஷ் சாமி நிற்கிறார். "சாமி, பொய் சொல்லக் கூடாது. உள்ள இருக்கறது பண்ணை மாடுதான?" என்று அதிகாரி கேட்க, "மாடு இருக்கும்மா. அது எந்தக் கட்சின்னு நான் கேக்கல" என்றார் சாமி. உள்ளே உன் அப்பா சட்டையில்லாமல் மண்டியிட்டிருக்கிறார், கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே வந்து சிக்கிக்கொண்டிருக்கின்றன. ரோமானா அம்மா பார்த்தார், கோட்டைக் கழற்றிச் சாமி கையில் கொடுத்தார். "எங்க வீட்லயும் மாடு இருந்துச்சு. நீங்க தலையத் திருப்பி விடுங்க, நான் இழுக்கறேன்" என்று கன்றின் காலில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துவிட்டார். கன்று வைக்கோலில் வந்து விழுந்தது, அசைவில்லை. உன் அப்பா அதன் மூக்கில் துரும்பை விட்டு, விலாவைத் தேய்த்து, "மூச்சு விடுடி, என் கண்ணுல்ல, விடுடி" என்று கெஞ்சுகிறார். நாங்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டோம். ஒரு தும்மல் வந்தது பார், சாமியே கை தட்டினார்.

ரோமானா அம்மா கையைக் கழுவிவிட்டு, மாலினாவை விட்டுவிட முடியாது, மேலே பதில் சொல்ல வேண்டும் என்றார். "சீம்பால் குடிச்சு முடியற வரைக்கும் லாரி வராது. கன்னு என் கணக்குலயே இல்ல, நான் பாக்கவும் இல்ல" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். லாரி வந்த அன்று உன் அப்பாவே மாலினாவை நடத்திக்கொண்டுபோய் ஏற்றினார். இனி பழையபடி சுவர்தான் என்று நினைத்தேன். வந்தவர், பால் புட்டி எங்கே என்றார்.

இப்போது விடியுமுன் எழுந்து, செவெரினா வீட்டுப் பசுவின் பாலை வாங்கிப் புகட்டுகிறார். சவரம்கூடச் செய்கிறார், கன்றுக்குத்தான், எனக்கில்லை. அதற்குப் பெயர் சிகாகோ. பெஞ்சில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற கூட்டாளிகள் "என்னப்பா ஸெனோன், சிகாகோ போறேன்னியே?" என்று சீண்டினால், "போய்ட்டு வந்தாச்சு, பின்னாடியே வருது பாரு" என்கிறார். அதனால் கண்ணு, நாங்கள் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஒரு கன்றுக்குட்டி குடும்பத்தைத் தாங்காது என்று எனக்கும் தெரியும். நிலவறையில் உருளைக்கிழங்கு இருக்கிறது, நானும் செவெரினாவும் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கத் தொடங்கியிருக்கிறோம், பார்ப்போம்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஈஸ்டருக்குக் கோயிலுக்குப் போ, மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. மாதா உங்கள் இருவரையும் தன் மடியில் வைத்துக் காக்கட்டும்.

இத்தனை வருஷமும் கடிதத்தின் அடியில் அவர் பெயரையும் நானேதான் எழுதிவந்தேன். இந்தத் தடவை பேனாவைப் பிடுங்கி அவரே போட்டிருக்கிறார். மை கலைந்திருப்பதைப் பார்த்து அழுதார் என்று நினைத்துவிடாதே, கன்று நக்கிவிட்டது.

உன் அம்மா லுட்விகா
அப்பா ஸெனோன்