முக்கால் அங்குலம்

12-1-1976, திங்கள்

நேற்று மெட்ராஸில் நம் கம்பெனி கூடைப்பந்து டீம் முப்பத்தொரு பாயிண்டில் தோற்றது. எதிர் டீமில் பாதிக்கு மேல் பாயிண்ட் எடுத்தவன் நூர் அகமது, பழவேற்காட்டுக்காரன். 1968-இல் நம் மைதானத்துக்கு வந்தவனை உயரம் போதாதென்று திருப்பி அனுப்பியது யார்? நான்தான். டைம் ஆபீஸ் கிளார்க்குக்குக் கொஞ்சம் பந்தாட்டம் தெரியும் என்று என்னையே ஆள் எடுக்கச் சொன்னார்கள். ஐந்து பேருக்கு வேலை. ஐந்தடி பத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி.

புது மேனேஜர் காலையிலேயே கூப்பிட்டார். அந்த லிஸ்டை எடுத்து, இன்று பார்த்தால் யாரை எடுத்தது சரி, யாரை எடுத்தது தப்பு என்று பெயருக்கு எதிரே எழுதித் தரவேண்டுமாம். தப்பாக வந்தவன் வெளியே போகவேண்டுமாம்.

13-1

எழுதிக் கொடுத்தேன். நான்கு பேர் ஆறடி ஆசாமிகள், இன்றும் ஆடுகிறார்கள். ஐந்தாவது ராஜவேலு. நான்கு வருஷம் உயிரைக் கொடுத்து ஆடினான். 72 ஃபைனலில் சிமெண்ட் தரையில் விழுந்து முழங்கால் போயிற்று. இப்போது குடோனில் நொண்டிக்கொண்டு சீட்டு எழுதுகிறான். 'சரி' என்று போட்டேன். நூர் அகமது, ஐந்தடி ஒன்பதேகால், விதிப்படி எடுக்கவில்லை.

மேனேஜர் தலையாட்டினார். அப்பாடா என்று திரும்பினேன். அப்போது சொன்னார்: "பொங்கல் முடிஞ்சு திங்கட்கிழமை அஞ்சு பேரையும் திரும்ப அளந்துடலாம். ரெக்கார்டு கரெக்டான்னு தெரிஞ்சிடும்."

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அன்று அந்த ஐந்து பேரும் கான்வாஸ் ஷூவோடு நின்றார்கள், அப்படியே அளந்தேன். நூர் அகமதுவுக்கு ஷூ கிடையாது. வெறுங்காலோடு சுவரோரம் நின்றான். முக்கால் அங்குலம் குறைந்தது. சாயங்காலம் வீட்டில் என் ஷூவைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அளவு நோட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'வெறுங்கால்' என்று பென்சிலால் எழுதினேன். லிஸ்ட் அதற்குள் மேலே போயிருந்தது. மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். பயம். வேறு காரணமே இல்லை.

ராஜவேலு ஷூவோடுதான் சரியாக ஐந்தடி பத்து. கழற்றினால்?

14-1, போகி

விடியலில் ரத்னா பழைய பாய், கிழிந்த முறம் எல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்தினாள். நானும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இதைப் போட்டுவிட்டால் என் தப்புக்குச் சாட்சி இல்லை. ஆனால் ராஜவேலுவின் உயரத்தை எங்கே போட்டுக் கொளுத்துவது?

"இன்னாத்துக்கு அந்த நோட்டைக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிழிந்த முறத்தைக் குச்சியால் நெருப்புக்குள் தள்ளினாள். பிறகு, "அந்த ராஜவேலு ஊட்ல ரெண்டு பொண்ணுங்க. நம்ம ஊட்ல நாம ரெண்டு பேருதான்" என்றாள்.

நோட்டு மறுபடி பெட்டிக்குள்.

16-1

பயமா இருக்கு. வேற எழுத ஒண்ணுமில்ல.

17-1, சனி

ராஜவேலு வந்தான். விஷயம் குடோன் வரைக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை ஷூ போட்டுக்கொண்டு நிற்கலாமா என்று கேட்டான். கழற்றச் சொல்லுவார்கள் என்றேன். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினான்.

"நில்லுன்னீங்க, நின்னேன். கழட்டுன்னா கழட்டியிருப்பேன் சார். நானா ஏமாத்துனேன்?"



18-1, ஞாயிறு

பழவேற்காடு போனேன். நூர் அகமது லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். டீ கொடுக்கச் சொன்னான். நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எனக்கு முன்னாடி நின்னவங்க ஷூவத்தான் பாத்துக்கினு இருந்தேன் சார். நீங்களும் பாத்தீங்கன்னுதான் இத்தினி வருஷம் நெனச்சிருந்தேன்."

வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. வேலை போனால் யார் என்னை எடுப்பார்கள், இந்த நாற்பத்தாறு வயதில்?

19-1, திங்கள்

ஐந்து பேரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். அளப்பதற்கு முன்பே உள்ளே போனேன். ஷூவோடு அளந்தது நான், தெரிந்தும் மறைத்தது நான், ராஜவேலு மேல் தப்பில்லை என்று எழுதிய காகிதத்தையும் நோட்டையும் மேஜைமேல் வைத்தேன்.

மேனேஜர் அந்தப் பென்சில் எழுத்தை வெகுநேரம் பார்த்தார். அளவு நாடாவை டிராயரில் போட்டு மூடினார். ராஜவேலு இருக்கட்டும் என்றார். என்னை ராஜினாமா எழுதச் சொன்னார். அங்கேயே நின்று எழுதினேன்.

20-1

கம்பெனிச் சங்கு ஊதியதும் பழக்கதோஷத்தில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.

6-6-1976, ஞாயிறு, பொன்னேரி

மரக்கடை வேலைக்கு இன்று லீவு. ஸ்கூல் மைதானத்தில் தாலுகா டீமுக்கு ஆள் எடுத்தோம். அளவு நாடா பிடிக்க ராஜவேலு ரயிலேறி வந்திருந்தான். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொன்னேன். ஒன்பது பேருக்குக் கழற்ற எதுவுமில்லை.

எல்லோரும் போன பிறகு ராஜவேலு குனிந்து தன் ஷூவையும் கழற்றினான். சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றான்.

"இப்பவாவது அளங்க சார்."

ஐந்தடி ஒன்பது. நோட்டில் எழுதி, பக்கத்தில் 'வெறுங்கால்' என்று போட்டேன். பேனாவால்.