பிஸ்கட் டின்னில் இருந்த கிரேன்

அண்ணா,

தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நீ போய்விட்ட வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. இந்த வருஷம் முறுக்குச் சுட்டே ஆக வேண்டும் என்கிறார் அம்மா. இன்று காலையில் மாவு அரைக்கக் கொடுக்கக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கட்டிலுக்கு அடியில அந்தச் சதுர டின்னு இருக்குல்ல, அதக் காலி பண்ணி வையி. சுடுதண்ணி ஊத்திக் கழுவிக்கிறேன். உள்ள கெடக்குற இரும்பு நாளைக்கு வர்ற பழைய இரும்பு லோரிக்குப் போவட்டும்."

உள்ளே கிடப்பது என்ன இரும்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டின்னை இழுத்து மூடியைத் திறந்தேன். தையல் மிஷின் எண்ணெய் வாசம்தான் முதலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் விரல் நுனியில் இருக்கும் வாசம். அதற்குமேல் கை வைக்க முடியாமல் சிமெண்டுத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த டின் நம் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்துப் பெரிய துரை வேலையை விட்டுத் தன் ஊருக்குப் போகிறார் என்று பங்களாவைக் காலி செய்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றதும் லயத்து வரிசை வீடுகளெல்லாம் திரண்டு போயின. ஆளாளுக்கு ரோத்தான் பிரம்பு நாற்காலி, திரைச்சீலை, பீங்கான் தட்டு என்று தூக்கி வந்தார்கள். நீ இந்தப் பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாய். உனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மில்லில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"ஊரே மெத்த, மேசைன்னு தூக்கிட்டு வருது. இவன் பாரு, தகர டின்ன தூக்கிட்டு வர்றான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளே வரிசையாய் ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், பச்சையிலும் சிவப்பிலும். பித்தளையில் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். நகக்கண் அளவுக்குப் போல்ட்டுகளும் நட்டுகளும். துரை மகன் சின்ன வயதில் விளையாடியதாம். அட்டை கிழிந்த ஒரு படப் புத்தகமும் இருந்தது. அதிலுள்ள இங்கிலீஷை நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். "படம் இருக்குல்ல, போதும் லா" என்றாய். ஒரு மாதத்தில் அந்தப் படங்களும் உனக்குத் தேவைப்படவில்லை.

நீ குடிக்கவில்லை. சீட்டாடவில்லை. படம் பார்க்கக்கூட அதிகம் போகவில்லை. ஞாயிறு காலையில் குளித்துவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியை முன்னறையில் விரித்து, அதன்மேல் பட்டைகளை ஓட்டை எண்ணி அடுக்குவாய். வெள்ளைத் துணி என்றால் உருண்டு போகும் நட்டு கண்ணுக்குத் தெரியும். நான் சுவரோரம் சாய்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். இருவரும் மணிக்கணக்கில் பேசாமல் இருப்போம். ஒருநாள் தலை நிமிராமலே சொன்னாய்: "நீ எழுத்தக் கோத்துக்கிட்டு இருக்க, நான் இரும்பக் கோத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேருக்கும் சம்பளம் இல்ல." அதற்கு நீயே சிரித்துக்கொண்டாய்.

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் அடுத்த வீட்டு மண்டோர் வாசலில் நின்று உன்னைச் சீண்டாத ஞாயிறு இல்லை.

"என்னா தம்பி, பொண்ணு பாக்குற வயசுல பொம்ம வச்சி வெளையாடுற?"

"பொம்ம இல்லண்ணே, கிரேனு."

"கிரேனுதான் மில்லுலயே இருக்கே. எட்டு மணி நேரம் பாத்தது பத்தலயா?"

"அது கம்பெனி கிரேனுண்ணே. இது என்னோடது."

மண்டோர் சிரித்தபடி போய்விட்டார். நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் முதல்முறையாக உன்னை நிமிர்ந்து பார்த்தேன்.

எண்ணெய் பிழிவதற்காக மில்லில் அவித்த செம்பனைக் குலைகளைக் கூண்டோடு தூக்கி, உத்திரத்தின் மேல் நகர்த்தி, தொட்டிக்குள் கவிழ்க்கும் கிரேன் அது. நீ தினமும் கீழே நின்று பட்டனை அமுக்கி ஓட்டியது. அதையே முன்னறையில் கட்ட ஆரம்பித்தாய். உன் இடுப்பு உயரத்துக்கு வந்தது. நான்கு கால்கள், மேலே நீள உத்திரம், அதில் ஓடும் வண்டி, வண்டியிலிருந்து தொங்கும் கூண்டு. கயிற்றுக்குப் பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையிலிருந்து வலை நூல் வாங்கி வந்தாய். கூண்டு மட்டும் நேராக ஏறவில்லை. இரண்டு பக்க நூலும் ஒரே அளவில் சுற்றாமல், ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஏழு ஞாயிறு அதோடு மல்லுக்கு நின்றாய். எட்டாவது ஞாயிறு ஒரு பல்சக்கரத்தை இடம் மாற்றிப் போட்டு, வாசலில் கிடந்த நாலு செம்பனைப் பழத்தைக் கூண்டில் வைத்து, கைப்பிடியைச் சுற்றினாய். கூண்டு ஆடாமல் அசையாமல் நேராக ஏறியது. "பாத்தியா! பாத்தியா!" என்று தரையைத் தட்டினாய். நான் பதில் சொல்வதற்குள் அதை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாய். அன்று அந்த நாலு பழமும் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும் என்று தெரியாது. சோறு ஆறிப்போனது.

உனக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, எல்லாம் நேராக நிற்கும்வரை எந்த நட்டையும் முழுதாக இறுக்க மாட்டாய். விரலால் திருகி விட்டுவிடுவாய். கடைசியில்தான் ஸ்பேனர். இன்னொன்று, எதைக் கழற்றினாலும் போல்ட்டையும் நட்டையும் தனித்தனியாகப் போட மாட்டாய். நட்டை அதன் போல்ட்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றி டின்னில் வைப்பாய். கோலசிலாங்கூரில் உள்ள இரும்புக் கடைகளிலெல்லாம் அந்த மரைக்கு நட்டு கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தவன் நீ. பழைய வெள்ளைக்காரன் மரை, இங்கே வராது என்று கடை முதலாளி தவுக்கே கையை விரித்துவிட்டாராம். ஒன்று தொலைந்தால் தொலைந்ததுதான். பக்கத்தில் உட்கார்ந்து நான் எடுத்துக் கொடுத்ததில் அந்த இரண்டாவது வழக்கம் எனக்கும் கையோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு அம்பாங் பெச்சாவிலிருந்து அந்த வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மில் விட்டு வந்ததும் கிரேனை நிமிர்த்தி, முழுதாக இறுக்கி, பின்கட்டுக்குத் தூக்கி வைத்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாய். இறுக்காமல் தூக்கினால் முறுக்கிக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டோர் ஓடி வந்தார். பெண்ணின் தாய்மாமன், தோட்ட ஆபீஸ் கிராணி வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அஷ்டமியாம். நல்ல காரியத்துக்கு ஆகாதாம். இன்றைக்கே வருகிறார்களாம். ராகு காலம் முடிந்து, பத்தரைக்கு மேல்.

அம்மா முன்னறையின் நடுவில் நின்று கிரேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கழட்டு."

"அண்ணன் வரட்டும்மா."

"வந்தவங்க எங்கடி உக்காருவாங்க, அது தலையிலயா? மாப்பிள்ள சாமான் வச்சி வெளையாடுறாருன்னு ஊரு பூரா சொல்லவா? கழட்டுடி."

நான் கழற்றினேன். நீ இறுக்காமல் விட்டிருந்ததால் அது என் விரலுக்கே வந்தது. ஏழு மாத வேலை ஒரு மணி நேரத்தில் டின்னுக்குள் போனது. அவ்வளவு அவசரத்திலும் ஒவ்வொரு போல்ட்டிலும் அதன் நட்டைச் சுற்றித்தான் போட்டேன். "அள்ளிப் போடுடி! என்ன ஒண்ணொண்ணா கோத்துக்கிட்டு இருக்க!" என்று அம்மா கத்தினார். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பழைய சேலை ஒன்றை மேலே போட்டு மூடி, பக்கத்தில் பூத்தொட்டி வைத்திருக்கலாம். அதெல்லாம் பிற்பாடு எத்தனையோ நாள் தோன்றியது. அன்று தோன்றவில்லை.

ஆள் அனுப்பியதால் நீ பாதி வேலையில் வந்தாய். பின்பக்கமாக நுழைந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு முன்னறைக்கு வந்தாய். வந்தவர்களுக்குக் கை கூப்பும்போது உன் கண் சுவரோரம் போனது. அங்கே கிரேன் இல்லை. பெண்ணின் தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"மில்லுல என்ன வேல தம்பி?"

"கிரேன் ஓட்டுறேங்க."

"உசரத்துல ஏறணுமோ?"

"இல்லீங்க, கீழ நின்னே ஓட்டலாம்."

"வேல முடிஞ்சி வந்தா என்ன செய்வீங்க? பந்து கிந்து வெளையாடுறது, கோயில் வேல, அப்படி ஏதும்?"

நீ கொஞ்சம் யோசித்தாய்.

"ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான் இருப்பேன்."

நல்ல பையன் என்று அவர் அம்மாவிடம் சொன்னார். நான் தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன்.

அவர்கள் கார் போனதும், "யாரு கழட்டினது?" என்று கேட்டாய். குரலில் கோபம் இல்லை.

"நாந்தான்" என்றார் அம்மா என்னை முந்திக்கொண்டு. "என்ன இப்ப?"

நீ குந்தி உட்கார்ந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்தாய். மூடியைத் திறந்து பார்த்தாய். ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பப் போட்டாய். "பரவால்லம்மா. விடு லா" என்று சொல்லி மூடினாய். நான் அதைப் பார்த்தபடி சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே கோப்பையை இரண்டு முறை கழுவினேன்.

அந்த வரன் அமையவில்லை. ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து உன்னிடம் கேட்டேன், "அண்ணே, மறுபடியும் கட்டலியா?"

"பாத்துக்கலாம். இப்ப ஷிப்ட் மாறிருச்சி."

ஷிப்ட் மறுபடி பழையபடி ஆனது. நீ கட்டவில்லை. ஞாயிறுகளில் உண்மையிலேயே சும்மா இருந்தாய். வாசல் படியில் உட்கார்ந்து லோரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான்தான் கழற்றினேன் என்று உன்னிடம் சொல்ல எத்தனையோ முறை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். "என்னா?" என்பாய். "ஒண்ணும் இல்ல" என்பேன். நீ அம்மாவைத்தான் நினைத்திருக்கிறாய் என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆறாம் நாள் நீ போய்விட்டாய். சொல்வதற்கு அதில் வேறு எதுவும் இல்லை. அதற்கு ஒரு காரணம் தேடி நான் எவ்வளவோ படித்துப் பார்த்துவிட்டேன்.

இன்று மத்தியானம்தான் டின்னுக்குள் கை விட்டேன். ஒரு பிடி அள்ளினேன். ஒவ்வொரு போல்ட்டிலும் அதன் நட்டு ஒரு சுற்றுச் சுற்றி இருந்தது. நான் போட்டது போட்டபடி. நீ தொடவே இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அண்ணா. அன்று நீ ஒரு கை அள்ளிப் பார்த்ததும் இதைத்தானே? அம்மா கழற்றியிருந்தால் நட்டு ஒரு மூலையிலும் போல்ட்டு ஒரு மூலையிலும் கிடந்திருக்கும். இந்த வீட்டில் இப்படிக் கோத்து வைக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீ மூடியைத் திறந்த அந்த நிமிஷமே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே, நான் பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் "என்னா?" என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்வதற்குத்தான் கேட்டாயா? அல்லது வெறுமனே கேட்டாயா? இதை இனி யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் வேட்டியை விரித்து கிரேனைத் திரும்பக் கட்டப் பார்த்தேன். நான்கு கால்களும் உத்திரமும் வந்தன. வண்டி வரவில்லை. எந்தப் பல்சக்கரத்தை நீ எங்கே மாற்றிப் போட்டாய் என்று எனக்குத் தெரியாது. நீ எதையும் வரைந்து வைக்கிறவன் இல்லை. அத்தனை மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் புத்தகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். மாற்றி மாற்றிப் போட்டேன். கூண்டு ஒவ்வொரு முறையும் சாய்ந்தது.

அம்மா மாவோடு வந்து, அரைகுறையாக நிற்பதைப் பார்த்தார். மாவுத் தூக்கை இறக்கி வைத்தார். பிறகு, "அன்னிக்கு நீ கழட்டினன்னு தெரிஞ்சா அவனுக்கு மனசு விட்டுப் போயிரும்னுதான் நாந்தான்னு சொன்னேன். நல்லவேள, நம்பிட்டான்" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். "நம்பிட்டாரு."

அம்மாவிடம் டின்னைக் கழுவக் கொடுத்துவிட்டேன். லோரிக்கு இரும்பைக் கொடுக்கப் போவதில்லை. அதை வைத்து நான் ஒன்றும் செய்யப் போவதுமில்லை. வேட்டியிலேயே மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம் என்று, நின்றவரைக்கும் இருந்ததைக் கழற்ற ஆரம்பித்தேன். பாதியில்தான் என் கையைப் பார்த்தேன். இன்று அவசரப்படுத்த யாரும் இல்லை, பார்ப்பதற்கும் யாரும் இல்லை. ஆனாலும் என் விரல்கள் ஒவ்வொரு நட்டையும் அதன் போல்ட்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றித்தான் கீழே வைத்துக்கொண்டிருந்தன.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான், அண்ணா. அன்று உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுத்ததும் இதுதான்.