வெல்டிங் நீலம்

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மா இதை வாசித்துக் காட்டும்போது எழுந்து போய்விடாதே.

எண்ணூர் பட்டறையில் முகமூடி போடாமல் வெல்டிங் வைத்துவிட்டு, கண் எரிய வீடு வருவாய். அம்மா உருளைக்கிழங்கை வெட்டி உன் இமைமேல் வைப்பாள். "அந்த வெளிச்சத்தப் பாக்காத, கண்ணு பூடும்" என்று என்னை மட்டும் விரட்டுவாய். அந்த வெளிச்சத்தில் இருந்த புற ஊதா ஒளியில்தான் இப்போது விண்மீன்களை ஆராய்கிறேன். காற்று அதைத் தடுத்துவிடும் என்பதால் தொலைநோக்கியை விண்வெளியில் வைத்திருக்கிறோம்.

உன் பார்வை போனபின், இங்கே பெங்களூருக்கு வரச்சொன்னால், "அங்க நான் பாக்கறதுக்கு இன்னா கீது?" என்கிறாய்.

அந்த ஒளி எங்கள் கண்ணுக்கும் தெரியாது, நைனா. தொலைநோக்கி அனுப்பும் எண்களுக்கு நாங்களாகத்தான் நிறம் கொடுக்கிறோம். நேற்று ஓர் இளம் விண்மீனுக்கு வெல்டிங் நீலம் கொடுத்தேன். அது என்ன நீலம் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

உனக்கு விளக்க வேண்டியதில்லை.

உன் மகள்