ஆழப் பக்கத்து நான்கு திருகுகள்

மார்ச் 3, செவ்வாய்

ஆழப் பக்கத்துத் தரையில், தண்ணீர் வெளியேறும் துளைக்கு ஒரு வட்ட மூடி. அதில் நான்கு திருகுகள். காலையில் கரையில் நின்று அவற்றை எண்ணிவிட்டுத்தான் நீச்சல் குளத்தின் கேட்டைத் திறப்பேன். ஆறு வருடப் பழக்கம். இன்று திருகு என்ன, மூடியே தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. குளோரின் அளந்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன்?

நீச்சல் கோச் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தண்ணி டாக்டரே, பேஷன்ட் முகம் வெளுத்திருக்கே?" என்றார். 22-ஆம் தேதி பிள்ளைகளுக்குப் போட்டி. தண்ணீர் தெளியாவிட்டால் ரத்து என்கிறார் கிளப் செயலாளர். "முடியலன்னா சொல்லுங்க, குளத்தை வெளி ஆள்கிட்ட குடுத்துடறேன்" என்று வேறு.

வெளி ஆளாம்! என் குளத்துக்கு!

மார்ச் 4, புதன்

வழக்கம்போலக் குளோரின் மாத்திரை இரண்டு கூடுதலாகப் போட்டேன். தெளியாமல் எங்கே போகும்?

மார்ச் 5, வியாழன்

தெளியவில்லை. சுவரைத் தொட்டால் வழவழவென்று பாசி.

மார்ச் 6, வெள்ளி

மாத்திரை டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தை இன்றுதான் முழுதாகப் படித்தேன். குளோரினோடு ஸ்டெபிலைசரும் கலந்திருக்கிறதாம். வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காக்கிற மருந்து. கொஞ்சம் இருந்தால் நல்லது. மிஞ்சினால் குளோரினை வேலை செய்யவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரின் தீர்ந்துபோகும், இது தீராது. தண்ணீர் வற்றினாலும் அப்படியே தங்கிவிடும். ஆறு வருடமாக, தண்ணீர் மங்கும்போதெல்லாம் மாத்திரையாகப் போட்டுத் தள்ளியவள் யார்?

சோதனைக் குழாயை எடுத்தேன். அடியில் ஒரு கரும்புள்ளி. சோதனை மருந்து கலந்து கலங்கலான குளத்துத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, எந்தக் கோட்டில் புள்ளி மறைகிறதோ அதுதான் ஸ்டெபிலைசர் அளவு. எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் கோடு நூறு. அதைத் தொடுமுன்பே புள்ளியைக் காணோம். சரிபாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன் — தொண்ணூறு. இரட்டித்தால் நூற்று எண்பது. ஐம்பதே போதும்.

ஐயோ, நானே கெடுத்து வெச்சிருக்கேன். என் கையாலேயே.

மார்ச் 7, சனி

செயலாளரிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை அறை வாசல் வரை போய்த் திரும்பினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கிறார் மனுஷன். "எது வாங்கினாலும் லேபிளைப் படி, லேபிளைப் படின்னு என் உயிரை வாங்குறவ நீதானே?" அப்புறம், "போய்ச் சொல்லிடு. அடிக்கவா போறாரு?" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "சார், கெடுத்தது நான்தான். சரி பண்ணப் போறதும் நான்தான். பாதித் தண்ணிய எடுத்துட்டுப் புதுசு விடணும். ரெண்டு தடவை."

"அவ்வளவு தண்ணியையுமா? ஏதாவது மருந்து ஊத்தினா போகாதா?"

"மருந்தைப் போட்டுப் போட்டு வந்த வினைதான் சார் இது."

அப்படியானால் ஒரேயடியாகக் காலி செய்துவிடலாமே என்றார். "வேணாம் சார். காலி பண்ணினா அடியில ஊறுற தண்ணி தரையையே தூக்கிடும். பாதி, அப்புறம் பாதி." என் குரல் எனக்கே கொஞ்சம் ஓங்கிக் கேட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார். "பத்தொன்பதாம் தேதி வரைக்கும்தான் டைம்."

மார்ச் 10, செவ்வாய்

பாதி இறங்கிவிட்டது. கோச்சும் நானும் சுவரைத் தேய்த்தோம். தோள்பட்டை விண்விண் என்கிறது.

மார்ச் 13, வெள்ளி

புதுத் தண்ணீர் நிரம்பி, பம்ப் ஒரு நாள் முழுக்க ஓடிக் கலந்தபின் அளந்தேன். தொண்ணூறு! கணக்கு துளி பிசகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இரண்டாம் தடவையும் முடிந்தது. நாற்பத்தைந்து. நம்பாமல் மூன்று முறை ஊற்றிப் பார்த்தேன். இனி மாத்திரைக்கு முழுக்கு; திரவக் குளோரின் மட்டும்தான். லேபிளைப் படித்தாயிற்று — இரண்டு தடவை.

மார்ச் 19, வியாழன்

தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. செயலாளரைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினேன். "அந்த மூடியில எத்தனை திருகுன்னு எண்ணுங்க சார்" என்றேன், கெத்தாக.

குனிந்து பார்த்தார். "மூணு."

"நாலு சார்."

"மூணும்மா. ஒண்ணு வெறும் ஓட்டை."

பார்த்தேன். ஓட்டையேதான். எத்தனை நாளாக மங்கல் தண்ணீரில் அந்த ஓட்டையையும் திருகு என்று எண்ணிக்கொண்டிருந்தேனோ! முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை வாசல் வரை போய்த் திரும்பவில்லை. "தப்பு என்னுதுதான் சார். மூடி கழண்டா பம்ப் இழுக்கிற இழுப்புல குழந்தைங்க மாட்டிக்கும். அதை மாட்டாம ஒரு குழந்தையும் இறங்கக்கூடாது. இப்பவே பம்ப்பை நிறுத்தறேன்."

வெளி ஆள் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். அவர் கோச் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா சொன்னது கேட்டுச்சுல்ல? இறங்குங்க" என்றார்.

பம்ப்பை நிறுத்தினேன். கோச் மூச்சைப் பிடித்து இறங்கிப் புதுத் திருகு ஒன்றை முடுக்கினார். அதன் தலையிலிருக்கும் சின்னக் கீறல்கூட மேலிருந்தே எனக்குத் தெரிந்தது. என் தண்ணீர்! வாய்விட்டே சொன்னேன்.

மார்ச் 22, ஞாயிறு

நான்கு. கேட்டைத் திறந்தேன்.

பிள்ளைகள் குதிப்பதற்கு முன் செயலாளர் தனியே ஆழப் பக்கம் போய்க் குனிந்து நின்றார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எண்ணட்டுமே.