குளிரோ, குலப்பனோ

அப்பா,

இன்று பாடன் நகரில் குழந்தை வைத்தியரிடம் போயிருந்தோம். வாசலில் கைக்குப் பூசும் கிருமிநீக்கியை அழுத்தியதும் உங்கள் டயாலிசிஸ் அறையின் மணம் வந்தது. கை காயுமுன் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: “குலப்பன்.”

திரும்பினேன். உங்களைப் பராமரித்த அதே சுவிஸ் தாதி, மடியில் தன் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை, அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். பிறகு அவள் சொன்ன செய்தியை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. உங்கள் பேத்தி உறங்கிவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் நெஞ்சில் குழாய் வைத்து இரத்தம் சுத்திகரித்த அந்தக் குளிர்காலம் நினைவிருக்கும். இவள் என் வயிற்றில் இருந்தாள். “பேத்தியைக் கையில வாங்கோணும், மிச்சத்தைப் பிறகு பாப்பம்” என்று வைத்தியரிடமே சொல்லி வைத்திருந்தீர்கள். நானோ எதற்கெடுத்தாலும் உங்களுக்கு போன் எடுப்பேன். “ஆர், பயந்தாங்கொள்ளியோ கதைக்கிறது?” என்றுதான் பேச்சைத் தொடங்குவீர்கள்.

அன்றும் அப்படித்தான் தொடங்கினீர்கள். ஆனால் குரல் சோர்ந்திருந்தது.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. மெசினில போட்டாப்பிறகு ஒரு குலப்பன் வருது. வீட்டை வந்தா விட்டிடும்.”

“குலப்பனோ? நேர்சிட்டைச் சொன்னனீங்களோ?”

“கால்ட் எண்டு சொன்னனான். நல்ல பிள்ளை, ரெண்டு போர்வை கொண்டுவந்து மூடிவிட்டது.”

“அப்பா, கால்ட் எண்டா வெறும் குளிர். குலப்பன் காய்ச்சல் நடுக்கமெல்லோ.”

“வேறென்னத்தைச் சொல்ல? வன்னியில எண்டா நுளம்பு கடிச்சு மலேரியா வந்தது, பல்லுக் கிடுகிடுத்தது. இஞ்ச பனிக்குள்ள நுளம்பு கடிச்சதெண்டு சொன்னா என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கெல்லோ அனுப்புவினம்.”

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே டயாலிசிஸ் பகுதிக்கு போன் எடுத்தேன். அவருக்குக் குளிரவில்லை, உடம்பு தூக்கிப் போடுகிறது, அதுவும் மெசினில் போட்ட பிறகுதான் என்று டொச் மொழியில் சொன்னேன். குலப்பனுக்கு அவர்கள் சொல்லும் ‘ஷுட்டல்ஃப்ரொஸ்ட்’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் மறுமுனையில் குறுக்கிட்டார்கள். “இப்போதே கூட்டி வாருங்கள்.”

குழாயிலிருந்தும் கையிலிருந்தும் இரத்தம் எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வருமுன்னமே அன்ரிபயோட்டிக் ஏற்றினார்கள். தோலில் சும்மா குடியிருக்கும் கிருமி குழாய்க்குள் புகுந்துவிட்டது, மெசின் ஓடும்போதெல்லாம் அது இரத்தத்தோடு உடம்புக்குள் போகிறது என்று வைத்தியர் விளக்கினார். அந்தக் குழாயைக் கழற்றி, இரத்தம் சுத்தமான பிறகு மற்றப் பக்கத்தில் புதியது வைத்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நடந்தபடியே இருந்தேன்.

தேறியதும் நீங்கள் செய்த முதல் வேலை, அந்தத் தாதிக்குப் பாடம் எடுத்தது. “கு-லப்-பன்” என்று அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தீர்கள். அவள் ‘குலாப்பான்’ என்றதும், “அது குலாப்ஜாமுன்ரை தம்பி” என்று தமிழில் சிரித்தீர்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

பிறகு பேத்தியைக் கையில் வாங்கினீர்கள். அவள் தவழ்ந்து உங்கள் செருப்பைக் கடித்ததையும் பார்த்தீர்கள். உங்கள் இதயம் ஓய்ந்தபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

இனி இன்றைய செய்தி. அண்மையில், டயாலிசிஸ் அறையில் நீங்கள் இருந்த அதே கதிரையில் நம்மவர் ஒருவர் இருந்தாராம். யாரென்று அவள் சொல்லவில்லை. மெசின் தொடங்கிச் சற்று நேரத்தில் அவரும் “கால்ட்” என்றாராம். போர்வையை விரிக்கப்போனவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு குனிந்து கேட்டிருக்கிறாள்: “குலப்பன்?”

அவர் கண்ணை அகல விரித்து, “ஓம், ஓம், குலப்பன்தான்” என்றாராம். உடனே இரத்தம் எடுத்து, மருந்து ஏற்றி, குழாயை மாற்றினார்களாம். இப்போது வீட்டில் நலமாக இருக்கிறாராம். ‘உங்கள் அப்பாவிடம் சொல்ல முடிந்தால் நல்லாயிருக்கும்’ என்றாள். சொல்லிவிட்டேன், அப்பா.

மாலையில் குளித்துவிட்டு வந்த இவள், தோள் நடுங்க, “அம்மா, கால்ட்” என்றாள். துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு, எப்போதும் கேட்பதையே கேட்டேன்.

“குளிரோ, குலப்பனோ?”

“குளிர்” என்றாள், என்னவோ பெரிய மனுசி மாதிரி. ஆனாலும் நடுக்கம் முற்றாக நிற்கும்வரை நான் அவளை இறக்கிவிடவில்லை.