அக்காவின் புது முட்டி

அக்கா,

லாண்டரியில் இன்றும் எனக்குக் காலை ஷிப்ட்தான். உன்னை எழுப்ப மனசு வரவில்லை. சோறும் குழம்பும் மேசைமேல் இருக்கின்றன. உன் விரல்களுக்குச் சிரமம் வேண்டாமென்று டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றின் மூடியையும் தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் கிண்ணத்தில் போட்டிருக்கிறேன்.

பத்து மணிக்குமேல் பிசியோதெரபிஸ்ட் வருவார். சாவி கீழ்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது, அந்த அம்மாவே கதவைத் திறந்துவிடுவார். நீ எழுந்து ஓடாதே. ஆபரேஷன் செய்த முட்டியை இனிமேல் பிசியோவே மடக்கட்டும். நேற்று நான் மடக்கியபோது "பழிவாங்குறியாடி?" என்று கேட்டாயே, இனி என் கை அங்கே போகாது.

"முடக்குவாதத்துல கையெல்லாம் கோணிக்கிட்டுப் போகுது, முட்டியை மட்டும் மாத்தி என்ன ஆகப்போகுது? இடது கால் ஆபரேஷனுக்கு நான் வரமாட்டேன்" என்றாய். நானும் "அப்போ படுத்தே கிட" என்று சொல்லிவிட்டேன். அலுப்பில் வந்த வார்த்தை, மனதில் வைத்துக்கொள்ளாதே.

வாக்கரை மணிக்கட்டால் அழுத்தாதே. அதில் முன்கை வைக்கிற மெத்தையில் சாய்ந்துகொள்.

இன்னொன்று. விடிவதற்கு முன் நீ என்னைக் கூப்பிடாமல் தனியாகவே பாத்ரூம் போய் வந்தாய். திரும்பும்போது என் கட்டிலருகே நின்று, விலகிக் கிடந்த போர்வையை முழங்கையாலேயே தள்ளித் தள்ளி என் தோள்வரை மூடிவிட்டாய். நான் விழித்துத்தான் இருந்தேன். கண்ணைத் திறந்தால் உன்னைத் திட்டியிருப்பேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன். இரண்டுக்கும் தெம்பில்லாமல் அப்படியே கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தூங்கிப்போனேன்.